பதினான்கு இரவுகள்



ஆங்கிலத்தில் ‘ஃபோர்ட்நைட்’ என்றொரு சொல் உண்டு. சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறது. சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஆலை வாசலில் ஒட்டுகிற அறிவிப்பிலும் இருக்கிறது. இரண்டு வாரம், அஃதாவது 14 நாள் என்பது அதன் பொருள். நாம் பேச்சு வழக்கில் ‘பதினைந்து நாள்’ என்று சொல்லிவிடுகிறோம்.

இன்றைய இளைஞரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், அது ஒரு கணினி விளையாட்டின் பெயர் என்பார். 2017ஆம் ஆண்டில் வந்த விளையாட்டு அது. கோட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்துச் சிலேடையாகப் பெயர் சூட்டி, எழுத்தையும் சற்றே மாற்றிக்கொண்டார்கள். நாம் பேச வந்தது அதைப் பற்றியன்று. பழைய சொல்லிலே கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. கூலிக்காரன் வீட்டு அடுப்பு இருக்கிறது.

“ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி புரட்டுவதா நம் பத்திரிகையின் வேலை? விலைவாசி ஏறிக் கிடக்கிறது, வேலை குறைந்து கிடக்கிறது, இந்த நேரத்தில் சொல்லாராய்ச்சியா?” என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நியாயமான கேள்விதான். ஆனால், காலத்தை அளக்கும் சொல் வெறும் சொல் அல்ல. அது ஓர் அளவுகோல். படியை வைத்திருப்பவன் நெல்லை ஆள்வதுபோல, காலத்தின் அளவுகோலைக் கையில் வைத்திருப்பவன் உழைப்பை ஆளுகிறான். வேலை செய்த நாளுக்கும் கூலி வாங்கும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள் கிடக்கிறது என்பது அகராதிக் கேள்வியா? அல்ல, அரிசிக் கேள்வி! அந்த அரிசிக் கேள்வியைத்தான் இந்தப் பழஞ்சொல் தன் மடியிலே முடிந்து வைத்திருக்கிறது. அவிழ்த்துப் பார்ப்போம்.

பகலை விட்டு இரவை எண்ணியவர்கள்

சொல்லைப் பிரித்தால் இரண்டு துண்டு. முன்துண்டு பதினான்கு. பின்துண்டு இரவு. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஆங்கிலத்தில் ‘ஃபேயொவர்டூனெ நிஹ்ட்’ என்று நீட்டி முழக்கிச் சொன்னார்கள். உழவர் வாயிலும் ஆயர் வாயிலும் உருண்டு, தேய்ந்து, ‘ஃபோர்ட்நைட்’ என்று குறுகிற்று. பதினான்கு இரவு, அவ்வளவுதான். பதினான்கு பகல் என்று அவர்கள் சொல்லவில்லை. ஏன்?

அந்தக் காலத்து ஆங்கிலேயர், நாட்களை எண்ண வேண்டிய இடங்களில் இரவுகளையே எண்ணினார்கள். வெசெக்ஸ் நாட்டை 688ஆம் ஆண்டு முதல் ஆண்ட ஐனி என்ற மன்னனின் சட்டத்தில் இதற்குச் சான்று இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு முப்பது இரவுக்குள் ஞானஸ்நானம் செய்விக்க வேண்டும், தவறினால் 30 ஷில்லிங் அபராதம் என்று அந்தச் சட்டம் கூறிற்று. முப்பது நாள் என்று எழுதவில்லை, முப்பது இரவு என்றே எழுதினார்கள். சட்டமே இரவைக் கொண்டு கெடு வைத்த காலம் அது.

இது ஐனி மன்னனின் கண்டுபிடிப்பும் அல்ல. ஆங்கிலேயரின் முன்னோர் ஜெர்மானியக் குலத்தினர். அவர்களைப் பற்றி ரோமாபுரி வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98ஆம் ஆண்டளவில் ஒரு நூல் எழுதினார். ‘ஜெர்மானியா’ என்பது அதன் பெயர். அந்த மக்கள் நம்மைப்போல் பகலை எண்ணுவதில்லை, இரவைத்தான் எண்ணுகிறார்கள், இரவே பகலை அழைத்து வருவதாகக் கருதுகிறார்கள் என்று அதிலே வியப்போடு குறித்து வைத்தார். அவருக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே, ஜூலியஸ் சீசர் இன்றைய பிரான்சிலே படை நடத்தியபோது, அங்கிருந்த மக்களைப் பற்றியும் இதே செய்தியை எழுதினார். பிறந்த நாளையும் மாதத் தொடக்கத்தையும் இரவிலிருந்தே அவர்கள் கணக்கிட்டார்களாம்.

காரணம் என்ன? வானத்தைப் பார்த்தால் தெரியும். பகலிலே சூரியன் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறது. இத்தனையாவது நாள் என்று அது முகத்திலே எழுதி வைத்துக்கொள்வதில்லை. நிலவு அப்படியன்று. ஒவ்வோர் இரவும் ஒரு கீற்று வளர்கிறது, அல்லது ஒரு கீற்று தேய்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் அண்ணாந்து பார்த்துத் தேதி சொல்லலாம். அமாவாசையிலிருந்து மறு அமாவாசைக்கு ஏறத்தாழ 29½ நாள். அதிலே பாதி பதினான்கே முக்கால் நாள். நிலவு வளர ஒரு பதினான்கு இரவு, தேய ஒரு பதினான்கு இரவு. ஏட்டைக் காணாத ஏழை மக்களுக்கு வானமே நாட்காட்டி!

நமக்கு இது புதுமையா? திங்கள் என்றால் நிலவு. திங்கள் என்றால் மாதமும் அதுவே. ஆங்கிலத்திலும் மாதத்தின் பெயர் நிலவின் பெயரிலிருந்து பிறந்ததுதான். கடல் கடந்த மக்களும் நாமும் ஒருவரை ஒருவர் அறியாத காலத்திலேயே ஒரே நிலவைப் பார்த்து ஒரே முறையில் கணக்குப் போட்டிருக்கிறோம். உழைக்கும் மக்களின் அறிவு உலகமெங்கும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

பதினான்கு இரவுக்கு ஒரு தம்பியும் இருந்தான். ‘ஏழு இரவு’ என்பதைக் குறுக்கி ‘செனைட்’ என்று வாரத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அந்தச் சொல் வருகிறது. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் புகழ் பெற்ற நாவலிலும் வருகிறது. பிறகு வழக்கொழிந்து போயிற்று. அண்டை நாடான வேல்ஸிலே வாரத்தை ‘எட்டு இரவு’ என்றும், இரண்டு வாரத்தைப் ‘பதினைந்து இரவு’ என்றும் பொருள்படும் சொற்களால் இன்றும் அழைக்கிறார்கள். தொடங்கும் இரவையும் முடியும் இரவையும் சேர்த்து எண்ணுவது அவர்கள் முறை. பிரெஞ்சுக்காரர் ‘பதினைந்து நாள்’ என்கிறார்கள். நாம் 14 நாளைப் பதினைந்து என்கிறோமே, அந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று!

யாருடைய சொல் எது?

இனி, இன்னொரு வேடிக்கையைக் காண்போம். ஆங்கிலத்திலே காலத்தைக் குறிக்கும் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவை இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும்.

பகல், இரவு, வாரம், மாதம், ஆண்டு, கோடை, குளிர்காலம், பதினான்கு இரவு. இவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் அந்த மண்ணின் பழஞ்சொற்கள். உழுதவனும் விதைத்தவனும் ஆடு மேய்த்தவனும் பேசியவை.

மணி, நிமிடம், விநாடி, தேதி, நூற்றாண்டு, நாட்காட்டி. இவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் லத்தீனிலிருந்து வந்தவை. பல, பிரெஞ்சு வாசல் வழியாக உள்ளே நுழைந்தவை. மடத்தின் மணியோடும், அரசவையின் ஆவணத்தோடும், படித்தவர் பேனாவோடும் வந்து சேர்ந்தவை.

1066ஆம் ஆண்டில் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு அரண்மனையிலே பிரெஞ்சு, நீதிமன்றத்திலே பிரெஞ்சு, கோயிலிலே லத்தீன். ஆங்கிலம் எங்கே இருந்தது? அடுக்களையிலும் வயலிலும் தொழுவத்திலும் இருந்தது. வழக்கு மன்றத்தில் வாதாட ஆங்கிலத்துக்கு இடம் கொடுத்த சட்டம் 1362இல்தான் வந்தது. அந்த முந்நூறு ஆண்டில் எத்தனையோ பழஞ்சொற்கள் மாண்டன. பதினான்கு இரவு மாளவில்லை. காரணம், அதைப் பேசியவர்கள் அரண்மனையை நம்பி வாழவில்லை. நிலவை நம்பி வாழ்ந்தார்கள்.

‘காலண்டர்’ என்று நாம் சுவரிலே மாட்டுகிறோமே, அந்தச் சொல்லின் பிறப்பைக் கேட்டால் தோழர்கள் திடுக்கிடுவார்கள். ரோமாபுரியிலே மாதத்தின் முதல் நாளுக்குக் ‘கலெண்டே’ என்று பெயர். வட்டி கட்ட வேண்டிய நாள் அது. எவன் எவ்வளவு கடன் பட்டிருக்கிறான், எவ்வளவு வட்டி தர வேண்டும் என்று லேவாதேவிக்காரன் எழுதி வைத்த கணக்குப் புத்தகத்துக்குக் ‘கலெண்டாரியம்’ என்று பெயர். அந்தப் புத்தகத்தின் பெயர்தான் பிற்காலத்தில் நாட்காட்டியின் பெயராயிற்று!

எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ஒரு சொல் வட்டிக்காரன் ஏட்டிலே பிறந்தது. இன்னொரு சொல் உழைப்பவன் முற்றத்து நிலவிலே பிறந்தது. மாதம் பிறந்தால் ஒருவனுக்கு வரவு, ஒருவனுக்குச் செலவு. ஒரே முதல் தேதிதான். ஆனால் ஒருவன் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தான், மற்றவன் அதை நினைத்து நடுங்கினான்.

கூலிக்கும் கூலிக்கும் நடுவே

நிலவை வைத்துக் கணக்கிட்ட உழவன், காலப்போக்கில் நிலத்தை இழந்தான். ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போனான். பழைய சொல்லையும் தன்னோடு எடுத்துச் சென்றான். அங்கே அந்தச் சொல்லுக்குப் புதிய வேலை கிடைத்தது. நிலவை அளந்த சொல், கூலியை அளக்கத் தொடங்கிற்று.

19ஆம் நூற்றாண்டில் வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம், நார்தம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கங்களிலே பதினான்கு நாளைக்கு ஒருமுறை கூலி கொடுக்கும் வழக்கம் இருந்தது. கூலி வருகிற வாரம் ஒன்று, வராத வாரம் ஒன்று. வராத வாரத்துக்குச் சுரங்கத் தொழிலாளர் தனியாகவே ஒரு பெயர் வைத்தார்கள். ‘பாஃப்’ வாரம் என்பது அந்தப் பெயர். மாதக் கடைசி என்றால் நம் வீடுகளில் என்ன பொருளோ, அதுவே அந்தச் சுரங்க வீடுகளில் ‘பாஃப்’ வாரத்துக்குப் பொருள். பாதாளத்திலே இறங்கிக் கரி வெட்டினாலும், வீட்டு அடுப்பிலே சட்டி ஏறாத வாரம்! ஒரு வாரத்துக்கு ஒரு தனிப்பெயர் தேவைப்பட்டது என்றால், அந்த வாரம் மற்ற வாரம்போல் கழியவில்லை என்றுதானே பொருள்?

பதினான்கு நாளே இப்படி என்றால், மாதம் ஒருமுறை கூலி கொடுத்த இடங்களைப் பற்றி என்ன சொல்வது! கூலி நாள் தள்ளிப்போகப் போக, தொழிலாளி கடனுக்குக் கைநீட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கடனைக் கொடுக்க முதலாளியே கடை திறந்தான். ‘டாமி ஷாப்’ என்று அந்தக் கடைக்குப் பெயர். கூலியிலே பிடித்துக்கொள்கிறேன், இப்போது சாமானை எடுத்துக்கொள் என்பான். சாமானோ மட்டம், விலையோ உச்சம். ஒரு கையால் கூலி கொடுத்து, மறு கையால் அதைப் பறித்துக்கொள்ளும் வித்தை அது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமராக வந்த டிஸ்ரேலி, 1845இல் எழுதிய ‘சிபில்’ என்ற நாவலிலே இப்படிப்பட்ட கடை ஒன்றின் அட்டூழியத்தைச் சித்திரித்திருக்கிறார். அவர் தொழிலாளர் தலைவர் அல்லர், பழமைக் கட்சிக்காரர். அவர் கண்ணுக்கே தெரிந்த கொடுமை!

கூலியைச் சாமானாகக் கொடுக்கக் கூடாது, நாணயமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று 1831இல் ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது, எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை. எப்போது கொடுப்பது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

அந்தக் கேள்வியைக் கையிலெடுத்தவர் காரல் மார்க்ஸ். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் பாகத்திலே ஒரு பெரிய உண்மையை மிக எளிமையாகச் சொல்கிறார். தொழிலாளி முதலில் உழைக்கிறான், பிறகுதான் கூலி வாங்குகிறான். அப்படியானால் நடுவிலே கிடக்கும் நாட்களுக்கு யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்? தொழிலாளிதான் முதலாளிக்குக் கடன் கொடுக்கிறான்!

சற்றே நின்று யோசியுங்கள், தோழர்களே. முதலாளி கடன் கொடுத்தால் வட்டி உண்டு, பத்திரம் உண்டு, ஜாமீன் உண்டு. தொழிலாளி கொடுக்கும் கடனுக்கு வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. அதற்குக் கடன் என்ற பெயர்கூட இல்லை! முதலாளி திவாலானால் அந்தக் கடனும் மூழ்கிப் போகிறது.

வட்டி இல்லை என்று சொன்னோம். இல்லவே இல்லையா? உண்டு. ஆனால் அதையும் கட்டுபவன் தொழிலாளிதான். மார்க்ஸ் அதே இடத்திலே ஓர் அரசாங்க அறிக்கையிலிருந்து கணக்கு எடுத்துக் காட்டுகிறார். வில்ட்ஷயர் மாவட்டத்திலே ஓர் ஊர். அங்கே பண்ணைக் கூலிகளுக்கு மாதம் ஒருமுறைதான் கூலி. ஆகவே அவர்கள் மாவைக் கடனுக்குத்தான் வாங்க வேண்டும். மற்ற இடத்தில் ரொக்கத்துக்கு ஒரு ‘ஸ்டோன்’ மாவு 1 ஷில்லிங் 10 பென்னி. கடனுக்கு வாங்கிய இந்த ஏழைகளுக்கோ 2 ஷில்லிங் 4 பென்னி. ஷில்லிங்குக்கு 12 பென்னி. எனவே 22 பென்னி மாவுக்கு 28 பென்னி கொடுத்தார்கள். நாலில் ஒரு பங்குக்கும் மேலே அதிகம்! மாவு ஒன்றுதான், மனிதன் ஒருவன்தான். கூலி நாள் தள்ளி நின்ற குற்றத்துக்காக, கூலிக்காரன் கட்டிய தண்டம் அந்த ஆறு பென்னி. இதிலே இன்னொரு சோகமான பொருத்தம்: ‘ஸ்டோன்’ என்ற அந்த நிறையிலே 14 பவுண்டு!

இதே பக்கத்தில் மார்க்ஸ் இன்னொரு செய்தியையும் பதிந்திருக்கிறார். ஸ்காட்லாந்திலே பெய்ஸ்லி, கில்மார்னாக் என்று இரண்டு நகரங்கள். அங்கே துணியிலே அச்சுக்கட்டையால் பூ அச்சிடும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியை உயர்த்து என்றா? அந்தச் செய்தியிலே காணும் கோரிக்கை வேறு. மாதம் ஒருமுறை கொடுப்பதைப் பதினான்கு நாளைக்கு ஒருமுறை கொடு! போராடினார்கள், வென்றார்கள்.

இந்தச் சின்னச் செய்தியை நாம் பெரிதாக மதிக்கிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முன் உழவன் நிலவைப் பார்த்து உண்டாக்கிய சொல்லை, அவன் கொள்ளுப் பேரன் ஆலை வாசலிலே நின்று உரிமைச் சொல்லாக மாற்றினான். கூலி ஒரு பென்னியும் உயரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், கடைக்காரன் பிடி தளர்ந்தது. நாளைக் குறைத்தால் கடன் குறையும், கடன் குறைந்தால் பயம் குறையும், பயம் குறைந்தால் முதுகு நிமிரும்! அந்த அச்சுத் தொழிலாளர் இதை எந்தப் பொருளாதார நூலிலும் படித்திருக்க வேண்டியதில்லை. வயிறு சொல்லிக் கொடுத்த பாடம் அது.

பழைய பாடம், புதிய பெயர்

“எல்லாம் பழங்கதை, அந்தக் காலம் மலையேறிவிட்டது” என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு அதே பிரிட்டனின் அண்மைச் செய்தி ஒன்றைச் சொல்வோம்.

வேலையில்லாதவருக்கு அந்நாட்டு அரசாங்கம் கொடுத்த உதவிப்பணம், பதினான்கு நாளைக்கு ஒருமுறை கிடைத்து வந்தது. 2013இல் ‘யூனிவர்சல் கிரெடிட்’ என்ற புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பணத்தை மாதம் ஒருமுறை கொடுப்போம் என்றார்கள். பெரும்பாலோர் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள், ஏழைகளும் அந்த ஒழுங்குக்குப் பழக வேண்டும் என்று காரணம் காட்டினார்கள். பதினான்கு இரவு முப்பது இரவாயிற்று. அதுமட்டுமா? விண்ணப்பித்தவர் முதல் பணத்துக்கு ஆறு வாரம் காத்திருக்க நேர்ந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, 2018இல் அது ஐந்து வாரமாகக் குறைந்தது. கையிலே காசில்லை என்று வந்தவரை ஐந்து வாரம் காத்திரு என்றால், அவர் எங்கே போவார்? இலவச உணவு கொடுக்கும் உணவு வங்கிகளின் வாசலுக்குப் போனார். அந்த வங்கிகளை நடத்தும் ட்ரஸ்ஸல் டிரஸ்ட் என்ற அறநிலையம், இந்த ஐந்து வாரக் காத்திருப்பை ஒழி என்று இயக்கமே நடத்திற்று.

இடையிலே முன்பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொன்னது. அது தானமன்று, கடன். பின்னால் வரும் உதவியிலே பிடித்துக்கொள்வார்கள். டாமி ஷாப்பின் சாயல் இதிலே தெரியவில்லையா? ஒரே நாட்டுக்குள்ளே, வட அயர்லாந்து மாதம் இருமுறை கொடுக்கும் முறையை வைத்துக்கொண்டது. ஸ்காட்லாந்து, மாதம் இருமுறை பெற்றுக்கொள்ளும் விருப்ப உரிமையை 2017இல் கொடுத்தது. அப்படியானால் மாதக் கணக்கு இயற்கையின் கட்டளையா? அல்ல. ஆள்பவர் எடுத்த முடிவு. முடிவு என்றால் மாற்றலாம்!

நம் சட்டத்தில் அந்தச் சொல்

ஆங்கிலேயர் இந்தியாவை ஆண்டபோது அவர்கள் மொழியோடு இந்தச் சொல்லும் கப்பலேறி வந்தது. 1929இல் தொழிலாளர் நிலையை ஆராய விட்லி குழுவை நியமித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் என்.எம். ஜோஷியும் திவான் சமன்லாலும் அதிலே உறுப்பினர்கள். 1931இல் அந்தக் குழு, பஞ்சாலை முதலிய தொழில்களில் 16 நாளைக்கு மேல் கூலியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று பரிந்துரை செய்தது. 1936இல் சட்டம் வந்தபோது என்ன ஆயிற்று? கூலிக் காலம் ஒரு மாதம் வரை போகலாம், அது முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுத்தால் போதும், ஆயிரம் பேருக்குக் குறையாத ஆலையானால் பத்தாம் நாளுக்குள் கொடுக்கலாம் என்று ஆயிற்று. 30 நாள் மாதத்தின் முதல் நாள் சிந்திய வியர்வைக்கு, 37ஆம் நாளிலோ 40ஆம் நாளிலோ கூலி வந்தாலும் அது சட்டப்படி சரி! குழு பதினாறு என்றது. சட்டம் நாற்பதுக்கு வழி விட்டது.

2005ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, பழைய ஆங்கிலச் சொல் மீண்டும் தலை காட்டிற்று. அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலே, கூலியை வாரந்தோறும் கொடுக்க வேண்டும், எப்படியும் வேலை செய்த நாளிலிருந்து ஒரு ‘ஃபோர்ட்நைட்’டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதினார்கள். ஐனி மன்னன் காலத்து இரவுக் கணக்கு, நம் ஏரிக்கரையிலே மண்வெட்டி பிடித்த தாய்மாரின் கூலிக் கணக்காக வந்து நின்றது!

எழுதியது எழுதியபடி நடந்ததா? கெடு தவறினால், 16ஆம் நாளுக்குமேல் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் ஈட்டுத்தொகை என்று விதி செய்தார்கள். கணக்குப் போடுங்கள்: 100 ரூபாய் கூலி பாக்கிக்கு ஒரு நாளைக்கு 5 காசு! அந்த ஐந்து காசையும் தட்டிக் கழிக்க ஒரு வழி கண்டார்கள். பணம் அனுப்பும் ஆணையைப் பிறப்பித்த நாளோடு தாமதக் கணக்கை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் பணம் தொழிலாளி கணக்கிலே போய்ச் சேர எத்தனை நாளானாலும் அது தாமதம் அல்லவாம்! காகிதம் புறப்பட்டால் போதுமா? காசு வந்து சேர வேண்டாமா? 2018ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தத் தந்திரத்தை ஏற்க மறுத்தது. எந்தக் கட்டத்தில் தாமதம் நேர்ந்தாலும் தொழிலாளிக்கு ஈட்டுத்தொகை உண்டு என்று தீர்ப்பளித்தது.

2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தச் சொல் இருக்கிறது. நாள், வாரம், பதினான்கு நாள், மாதம் ஆகிய நான்கில் ஒன்றைக் கூலிக் காலமாக வைக்கலாம். பதினான்கு நாள் என்று வைத்தால், அது முடிந்த இரண்டாம் நாளுக்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். மாதம் என்று வைத்தால் ஏழாம் நாள் வரை இடமுண்டு. இந்த நான்கிலே எதைத் தேர்ந்தெடுப்பது என்ற உரிமை யாரிடம்? முதலாளியிடம்! ஆகவே தோழர்களே, சொல் சட்டத்திலே இருப்பதனால் மட்டும் கூலி கைக்கு வந்துவிடாது. பெய்ஸ்லித் தொழிலாளருக்கு அந்தப் பதினான்கு நாளைச் சட்டம் கொடுக்கவில்லை. வேலைநிறுத்தம் கொடுத்தது.

சட்டங்கள் வரும், போகும். திட்டங்களுக்குப் பெயர் மாறும். ஆட்சிகள் மாறும். ஆனால் எந்தச் சட்டத்தைக் காட்டினாலும், எந்தத் திட்டத்தைப் புகழ்ந்தாலும், உழைப்பாளி கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. எவ்வளவு கூலி என்பதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை இரவுக்குப் பின் கூலி என்றும் கேளுங்கள்! ஒப்பந்தத் தொழிலாளியும் கேட்க வேண்டும், கட்டட வேலைத் தோழரும் கேட்க வேண்டும், துப்புரவுப் பணி செய்யும் சகோதரியும் கேட்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலே கூலி நாளையும் எழுதுங்கள். தாமதித்தால் வட்டி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடன் கொடுப்பவன் வட்டி கேட்பது முறையானால், உழைப்பைக் கடனாகக் கொடுத்தவன் கேட்பது மட்டும் எப்படி முறையில்லாமல் போகும்?

இரவை எண்ணிய அந்தப் பழைய மக்கள் நிலவுக்காகவே எண்ணினார்கள் என்று சொல்லாராய்ச்சி கூறுகிறது. உண்மை. ஆனால் கூலிக்குக் காத்திருக்கும் குடும்பமும் இரவைத்தான் எண்ணுகிறது. பகலிலே வேலை இருக்கிறது, பேச்சுத் துணை இருக்கிறது, பொழுது போய்விடுகிறது. இரவிலேதான் குழந்தை பசி என்கிறது, கடைக்காரன் முகம் நினைவுக்கு வருகிறது, தூக்கம் வர மறுக்கிறது. அந்த இரவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது எந்த நிலவாலும் ஆகாது.

நம்மால் ஆகும்! ஒன்றுபட்டால் ஆகும்!